வானத்து இரும்பும் ரம்பத் தகடும்

1621 ஏப்ரல் 10. பஞ்சாபில் ஜலந்தரை ஒட்டிய ஒரு கிராமம், பொழுது விடியும் நேரம். கிழக்கே ஒரு பெருஞ்சத்தம். சத்தத்தோடு ஓர் ஒளி மேலிருந்து இறங்கி மண்ணில் விழுந்து மறைந்தது. அந்தப் பகுதியின் வரி அதிகாரி முகமது சயீத் குதிரை ஏறிப் போய்ப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு கஜத்துக்கு நிலம் கருகிக் கிடந்தது. புல் பூண்டு மிச்சமில்லை. தோண்டச் சொன்னார். ஆழம் போகப் போகச் சூடு ஏறியது. கடைசியில் ஓர் இரும்புக் கட்டி அகப்பட்டது. அதைப் பையில் போட்டு, முத்திரை வைத்து, அரசவைக்கு அனுப்பினார். நிறுத்ததில் 160 தோலா. இன்றைய கணக்கில் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

இத்தனையும் முகலாயப் பாதுஷா ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்தது. விண்கற்கள் தரையைத் தொடும்போது பெரும்பாலும் அவ்வளவு சூடாக இருப்பதில்லை என்பது இன்றைக்குத் தெரிந்த செய்தி. முகமது சயீத் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். பாதுஷாவுக்கு அறிக்கை அனுப்புகிற அதிகாரி குறைத்தா சொல்வார்?

கட்டி, பெயர்பெற்ற வாள் கொல்லர் உஸ்தாத் தாவூதின் கைக்குப் போனது. ஒரு வாள், ஒரு குத்துவாள், ஒரு கத்தி என்பது உத்தரவு. காய்ச்சிச் சம்மட்டி போட்டதும் கட்டி உதிர்ந்தது. அடிக்கு நிற்கவில்லை என்று போய்ச் சொன்னார். அப்படியானால் வேறு இரும்பு சேர்த்து அடி என்றார் பாதுஷா. மூன்று பங்கு வானத்து இரும்பு, ஒரு பங்கு சாதாரண இரும்பு. இந்தக் கலவை சொன்னபடி கேட்டது. உத்தரவுக்கு மேல் ஒன்று கூடுதலாகவே, இரண்டு வாள், ஒரு குத்துவாள், ஒரு கத்தி வந்து சேர்ந்தன. ஜஹாங்கீர் தன் கண் முன்னாலேயே சோதிக்கச் சொன்னார். நன்றாக வெட்டியது. வளைத்தால் வளைந்து, விட்டால் நிமிர்ந்தது. ஏமன் வாளுக்கும் தெற்கத்தி வாளுக்கும் ஈடு என்று எழுதிக்கொண்டார்.

தெற்கத்தி வாளை அவர் அளவுகோலாக வைத்ததற்குக் காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான்கு உருப்படிகளில் அந்தக் கத்தி இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் ஃப்ரியர் கலைக்கூடத்தில் இருக்கிறது. பிடியோடு சேர்த்து 26 சென்டிமீட்டர் அளவுதான். அலகிலும் பிடியிலும் தங்க வேலை. பாதுஷாவின் இடுப்பில் இருக்க வேண்டியது என்பதால் அலங்காரத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தத் தங்கத்துக்குக் கீழே இருப்பது முக்கால் பங்கு விண்கல். இன்று உலகின் பல மூலைகளில் கைக்கத்தி செய்பவர்கள் விண்கல் சேர்த்துக் கத்தி அடிக்கிறார்கள். கேட்டால் பலரும் ஜஹாங்கீரின் பெயரைச் சொல்வார்கள். அவர்கள் கத்தியில் எத்தனை பங்கு விண்கல், அது கத்தியின் எந்த இடத்தில் உட்காருகிறது என்று பார்த்தால்தான் இந்த நானூறு வருஷத்தில் என்ன மாறியது என்று பிடிபடும்.

முதலில், தாவூதின் கட்டி ஏன் உதிர்ந்தது? விண்கல் இரும்பு, இரும்பும் நிக்கலும் கலந்த உலோகம். நூற்றுக்கு ஐந்து முதல் பன்னிரண்டு பங்கு நிக்கல் இருப்பது வழக்கம். கொஞ்சம் கோபால்ட்டும் இருக்கும். கூடவே கந்தகமும் பாஸ்பரஸும் இரும்போடு சேர்ந்து சிறு சிறு முடிச்சுகளாக உள்ளே ஒளிந்திருக்கும். காய்ச்சும்போது அந்தக் கந்தக முடிச்சுகள் முதலில் உருகும். மேலே சம்மட்டி விழுந்தால் கட்டி அந்த இடங்களில் விட்டுக்கொடுக்கும். இது ஒரு தொல்லை. இன்னொன்று, கத்திக்கு உயிரான கார்பன் விண்கல்லில் ஏறக்குறைய இல்லை. கார்பன் இல்லாத இரும்பை எவ்வளவு காய்ச்சித் தோய்ச்சல் போட்டாலும் வாய் கெட்டிப்படாது. இரண்டு வெட்டில் மழுங்கிவிடும். தாவூத் சேர்த்த அந்தக் கால் பங்கு இந்த இரண்டு குறையையும் ஓரளவு சரிக்கட்டியிருக்க வேண்டும். வேதியியல் தெரியாத காலத்தில், கை அனுபவத்தை மட்டும் வைத்து அவர் எட்டிய விகிதம் அது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. விண்கல் இரும்பின் அழகே அதுதான். நறுக்கி, மெருகேற்றி, அமிலத்தில் நனைத்தால் அதன் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டை பட்டையாக ஒரு கோலம் எழும். 1808-இல் வியன்னாவில் இதைக் கவனித்த அலோய்ஸ் ஃபான் விட்மன்ஸ்டேட்டன் பிரபுவின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். ஏதோ ஒரு சிறுகோளின் வயிற்றுக்குள் கிடந்த உலோகம், பத்து லட்சம் வருஷத்துக்குச் சில டிகிரி, சில நூறு டிகிரி என்ற வேகத்தில் ஆறியபோது, நிக்கல் குறைந்த பட்டையும் நிக்கல் மிகுந்த பட்டையுமாகப் பிரிந்து உறைந்ததன் தடம் இது. எந்த ஆலையிலும் இதைச் செய்ய முடியாது. அவ்வளவு காலம் யாரிடமும் இல்லை. அழிப்பதோ சுலபம். இரும்போடு இரும்பு ஒட்டும் சூட்டுக்குக் காய்ச்சி அடித்தால் கோலம் போய்விடும்.

விண்கல்லைக் கையில் எடுக்கிற கொல்லர் எவரும் கோலம் வேண்டுமா, கத்தி வேண்டுமா என்று தீர்மானித்தாக வேண்டும். மிகப் பழைய காலத்தவர் இரண்டையும் ஓரளவு காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். எகிப்தின் துட்டன்காமன் மம்மியின் துணிச் சுற்றுக்குள் 1925-இல் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த இரும்புக் குத்துவாளை 2016-இல் எக்ஸ்ரே கதிரால் ஆராய்ந்தார்கள். நிக்கல் நூற்றுக்கு ஏறக்குறைய 11 பங்கு, கூடவே கோபால்ட். விண்கல் என்று உறுதியானது. 2022-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதே அலகின் மேல் நிக்கல் எப்படிப் பரவியிருக்கிறது என்று படம் எடுத்தபோது, விட்மன்ஸ்டேட்டன் கோலத்தின் தடம் அதில் இன்னும் இருந்தது. 950 டிகிரிக்குக் கீழான சூட்டில்தான் அதை அடித்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள். மூவாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன், இரும்பு உருக்கும் தொழில் சரியாகப் பரவாத காலத்தில், அவ்வளவு அடக்கமாக நெருப்பு வைத்த கை யாருடையதோ.

நெருப்பே இல்லாமல் வேலை பார்த்தவர்களும் உண்டு. வடமேற்கு கிரீன்லாந்தின் கேப் யார்க் பகுதியில் பெரும் பெரும் விண்கற்கள் விழுந்து கிடந்தன. அங்குள்ள இனுயிட் மக்கள் வேறு இடத்திலிருந்து கருங்கல் கொண்டுவந்து, விண்கல்லின் மேல் மோதி மோதிச் சில்லு பெயர்த்தார்கள். அந்தச் சில்லுகளைத் தட்டித் தட்டையாக்கி, எலும்பிலோ தந்தத்திலோ வெட்டிய காடியில் வரிசையாகச் செருகினால் கத்தி. 1818-இல் அங்கே போன ஸ்காட்லாந்து மாலுமி ஜான் ராஸ், வெளியுலகத் தொடர்பே இல்லாதவர்கள் கையில் இரும்பு வாய் வைத்த கத்தியைப் பார்த்து வியந்தார். அவர்கள் உடைத்துப் போட்ட கல் சம்மட்டிகள் விண்கல்லைச் சுற்றிக் குவியலாகக் கிடந்தன. சீல் தோல் உரிக்கவும் இறைச்சி அறுக்கவும் அவர்களிடம் இருந்த இரும்பு அது. 1890-களில் அமெரிக்கரான ராபர்ட் பியரி வந்து, 31 டன் எடையுள்ள பெரிய கல் உட்பட மூன்றைக் கப்பலேற்றிக்கொண்டு போனார். அவை நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டன. அதற்குள் அந்த மக்களுக்கு வியாபாரக் கப்பல்கள் மூலம் எஃகுக் கத்தி கிடைக்கத் தொடங்கியிருந்தது. அதனால் பியரி செய்தது நியாயம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் செரிக்கவில்லை.

விண்கல்லோடு இன்று சேர்த்து அடிக்கும் டமாஸ்கஸ் எஃகுக்கு இனி வருவோம். இந்தப் பெயரில் அன்று இருந்த பொருள் வேறு, இன்று இருக்கும் பொருள் வேறு.

அன்றைய டமாஸ்கஸ் வாளின் எஃகு பெரும்பாலும் டமாஸ்கஸில் பிறக்கவில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கி எடுத்த எஃகுக் கட்டிகள் கடல் தாண்டிப் போய், பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் வாளாயின. கோல்கொண்டா வட்டாரத்திலிருந்து எஃகு பாரசீகத்துக்குப் போனதை 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வியாபாரி தவெர்னியே எழுதியிருக்கிறார். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் தோண்டியபோது உருக்கு உலையும் மூசைகளும் கிடைத்தன. ஜஹாங்கீர் தெற்கத்தி வாளை அளவுகோலாக வைத்ததன் பின்னணி இதுதான்.

மூசைக்குள் என்ன போட்டார்கள் என்பதற்கு நம் பக்கத்துச் சாட்சி ஒன்று இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத், 1839-இல் சேலம் பக்கத்து முறையை எழுதி வைத்தார். தேனிரும்பைத் துண்டு துண்டாக நறுக்கி, காய்ந்த ஆவாரங்கட்டையோடு களிமண் மூசையில் வைப்பார்கள். மேலே எருக்கிலை போன்ற பச்சை இலைகளை மூடி, மண்ணால் வாயைப் பூசி, அடுக்கி, துருத்தி ஊதுவார்கள். ஆவாரங்கட்டையின் கரி இரும்புக்குள் ஏறும். ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளே சிறு கட்டியாக எஃகு. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுக்கு கார்பன் ஏறிய எஃகு அது. இன்றைய கத்தி எஃகுகள் பலவற்றைவிட அதிகம்.

அதை வாளாக்குவது தனி வித்தை. ஐரோப்பியக் கொல்லர்கள் தங்கள் வழக்கப்படி வெளுக்கக் காய்ச்சி அடித்தபோது கட்டி நொறுங்கியது. பாரசீகக் கொல்லர்கள் கருஞ்சிவப்புச் சூட்டிலேயே, பொறுமையாக, திரும்பத் திரும்பக் காய்ச்சி அடித்தார்கள். அப்படி அடித்து முடித்து, அமிலத்தன்மையுள்ள சாறு தடவினால், தண்ணீர் ஓடுவதுபோல் வரி எழுந்தது. அந்த வரியை யாரும் வரையவில்லை. எஃகு தானாகப் போட்டுக்கொண்டது. கொல்லர் செய்தது அதைக் கெடுக்காமல் வெளியே கொண்டுவந்தது மட்டும்தான்.

பிறகு அது நின்றுபோனது. 19-ஆம் நூற்றாண்டில் நல்ல வரி எழும் வாள் செய்கிறவர்கள் இல்லாமல் போனார்கள். இங்கிலாந்தின் மலிவு எஃகு, கரிக்குக் காடு இல்லாமை, வாளைத் துப்பாக்கி தள்ளிவிட்டது என்று காரணங்கள் அடுக்கலாம். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்து உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும், ஃபுளோரிடாவில் குதிரைக்கு லாடம் அடித்துப் பிழைத்த கத்திக் கொல்லர் ஆல் பெண்ட்ரேயும் சேர்ந்து பல வருஷம் முயன்று அந்த எஃகை மீண்டும் செய்து காட்டியபோது இன்னொரு காரணம் தெரிந்தது. தாதுவில் லட்சத்தில் சில பங்கு என்ற அளவில் வனேடியம் போன்ற பொருள் இருந்தால்தான் வரி எழுகிறது. அந்தத் தாது தீர்ந்தால், அதே கொல்லர் அதே கையால் அடித்தாலும் வரி வராது. ஏன் வரவில்லை என்று அவருக்கே தெரிந்திருக்காது. மகனுக்கு என்ன சொல்லிக் கொடுப்பார்? இவர்கள் 1998-இல் வெளியிட்ட கட்டுரையைப் படித்தபோது, ஒரு தொழில் செத்ததற்கு இதைவிடச் சோகமான விளக்கம் வேண்டியதில்லை என்று தோன்றியது.

இன்று கடையில் டமாஸ்கஸ் என்று சொல்லி விற்கும் கத்தியில் இருப்பது இந்த எஃகு இல்லை. இரண்டு விதமான எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, ஒட்டக் காய்ச்சி அடித்து, நீட்டி, வெட்டி, மறுபடி அடுக்கிச் செய்யும் அடுக்கு எஃகு. இதுவும் பழைய முறைதான். வைக்கிங் வாள்களில் உண்டு, துப்பாக்கிக் குழாய்களில் உண்டு. கத்தி உலகத்தில் இது மறுபடி தலையெடுத்தது, அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்த கொல்லர் பில் மோரன் 1973-இல் ஒரு கண்காட்சியில் தன் அடுக்கு எஃகுக் கத்திகளைக் காட்டிய பிறகு. 1976-இல் அவரும் வேறு சிலரும் சேர்ந்து அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அன்றைய எஃகில் வரி உள்ளிருந்து வந்தது. இன்று வரி என்ன வடிவம் என்பதைக் கொல்லர் முன்கூட்டியே தீர்மானிக்கிறார்: முறுக்கினால் நட்சத்திரம், குறுக்கே காடி வெட்டித் தட்டினால் ஏணிப்படி, துளை போட்டுத் தட்டினால் மழைத்துளி.

விண்கல்லையும் அடுக்கு எஃகையும் சேர்ப்பதற்கு உண்மையான முன்னோர் யார் என்று கேட்டால் நான் ஜாவாவைச் சொல்வேன். அங்கே கிரிஸ் என்னும் வளைந்த குத்துவாளில், கறுத்த இரும்புக்கு நடுவே வெள்ளி போல் மின்னும் 'பாமோர்' என்ற வரிக்கு, பிரம்பனான் அருகே விழுந்த விண்கல்லைப் பயன்படுத்தினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுராகார்த்தா அரண்மனைக்குக் கொண்டுபோன அந்தக் கல்லை, அரண்மனை இன்றும் மரியாதையோடு வைத்திருக்கிறது. எல்லாப் பழைய கிரிஸுக்கும் வானத்து இரும்பு கிடைத்திருக்க முடியாது. சுலவேசித் தீவில் நிக்கல் கலந்த மண் தாதுவே உண்டு. இன்றைய கிரிஸ் கொல்லர்கள் கடையில் வாங்கிய நிக்கல் தகட்டை வைத்து அடிக்கிறார்கள். வரி என்னவோ வெள்ளையாகத்தான் வருகிறது.

நடுவில் ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் இந்த விண்கல் பித்து பிடித்திருந்தது. நன்னம்பிக்கை முனையில் கிடைத்த விண்கல்லில் லண்டனின் இயற்கையியலாளர் ஜேம்ஸ் சோவர்பி ஒரு வாள் செய்வித்து 1814-இல் ரஷ்ய ஜார் அலெக்சாண்டருக்குப் பரிசளித்தார். மைக்கேல் ஃபாரடே, மின்சாரத்துக்குப் போகும் முன், 1819-இல் நம் ஊர் எஃகைப் பகுத்துப் பார்த்தார்; அடுத்த வருஷம் கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடர்ட்டோடு சேர்ந்து இரும்பில் நிக்கல் உருக்கிச் சேர்த்துச் செயற்கை விண்கல் செய்யப் பார்த்தார். ஜப்பானில் 1898-இல் அரசியல்வாதி எனோமோதோ தகேஅகி, டொயாமா பகுதியில் கிடைத்த விண்கல்லில் வாள்கள் அடிக்கச் சொன்னார். அங்கேயும் கொல்லர் குனிமுனே விண்கல் தனியாகச் சரிப்படாமல் தங்கள் வழக்கமான வாள் எஃகைச் சேர்த்துத்தான் அடித்தார். தாவூத் பட்ட பாட்டை ஜப்பானியக் கொல்லரும் பட்டிருக்கிறார்.

இன்றைய பட்டறையில் வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்ப்போம்.

விண்கல் தபாலில் வருகிறது. விலை கிராம் கணக்கில். நமீபியாவின் கிபியான், ஸ்வீடனின் முவோனியோனலுஸ்டா, அர்ஜெண்டினாவின் கம்போ டெல் சியலோ என்று மூன்று பெயர்கள் அடிக்கடி காதில் விழும். கிபியானில் முடிச்சு குறைவு, அடிக்கு நிற்கும். கம்போவில் கல்லும் கந்தகமும் கலந்திருக்கும், படுத்தும். துண்டைத் தகடு தகடாக அறுத்து, துருவைச் சுரண்டி, சாராயத்தில் கழுவி உலர்த்துகிறார்கள். பிறகு அடுக்கு: கார்பன் எஃகுத் தகடு ஒன்று, விண்கல் தகடு ஒன்று, மறுபடி கார்பன் எஃகு. ஓரங்களை வெல்டிங் வைத்து மூடி, பிடிக்க ஒரு கம்பியையும் ஒட்டிக்கொள்கிறார்கள். காஸ் உலையில் வைத்து, மேலே வெண்காரம் தூவினால் அது உருகிக் கண்ணாடிபோல் வழிந்து துரு பிடிக்காமல் மூடிக்கொள்ளும். கட்டி மஞ்சளைத் தாண்டி வெளுக்கத் தொடங்கும்போது, 1,200 டிகிரி அளவில், ஹைட்ராலிக் பிரஸ்ஸில் முதல் அழுத்து.

முதல் அழுத்துதான் கத்தியா கழிவா என்று தீர்மானிக்கும். பலமாக அழுத்தினால் விண்கல் பிதுங்கிக்கொண்டு ஓரத்தில் வெடிக்கும். அதனால் மெதுவாக, தொட்டும் தொடாமலும் அழுத்தி, மறுபடி உலைக்குள் தள்ளி, மறுபடி அழுத்துகிறார்கள். நான்கைந்து சூட்டுக்குப் பிறகு கட்டி ஒரே உடம்பாகிவிட்டால், அப்புறம் பவர் ஹாமரில் நீட்டலாம், வெட்டி அடுக்கலாம், மறுபடி ஒட்டலாம். தாவூதின் காலத்தில் சம்மட்டி ஆட்கள் மாற்றி மாற்றிப் போட்ட அடியை இங்கே ஒரு கால்மிதி கொடுத்துவிடுகிறது.

இந்தச் சூட்டில் உள்ளே இரண்டு காரியம் நடக்கிறது. கார்பன் அணு சின்னது. ஒரு தகட்டிலிருந்து இன்னொரு தகட்டுக்கு நிமிஷக் கணக்கில் பரவிவிடும். அதனால் கார்பனே இல்லாத விண்கல்லுக்குள்ளும் பக்கத்து எஃகிலிருந்து கார்பன் ஏறி, அது கொஞ்சம் கெட்டிப்படும். நிக்கல் அணு அவ்வளவு எளிதில் நகராது. ஏறக்குறைய போட்ட இடத்திலேயே கிடக்கும். கடைசியில் அமிலத்தில் வைக்கும்போது நிக்கல் இருக்கும் அடுக்கு அரிப்புக்கு மசியாமல் வெள்ளையாக நிற்க, மற்ற அடுக்கு கறுத்துப் போவது இதனால்தான். வரி என்று நாம் பார்ப்பது நிக்கல் நின்ற இடம்.

கத்தியின் வாய்க்கு இந்த அடுக்கைப் பெரும்பாலோர் நம்புவதில்லை. நடுவில் நல்ல கார்பன் எஃகு ஒரு பட்டை, இரண்டு கன்னத்திலும் விண்கல் அடுக்கு என்று மூன்றாக ஒட்டி, வாய்ப்பகுதியில் நடு எஃகு வெளியே தெரியும்படி அரைத்துவிடுகிறார்கள். வெட்டுவது ஆலை எஃகு, பார்ப்பதற்கு விண்கல். 800 டிகிரி பக்கம் காய்ச்சி எண்ணெயில் தோய்ச்சல், பிறகு 200 டிகிரி அடுப்பில் இரண்டு தடவை இரண்டிரண்டு மணி நேரம் பதம். கடைசியாக ஃபெரிக் குளோரைடுத் தொட்டி. சிலர் அதற்குப் பிறகு இன்ஸ்டன்ட் காபித் தூளைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து அதில் மணிக்கணக்கில் ஊறவைக்கிறார்கள். காபியின் லேசான புளிப்பில் கறுப்பு இன்னும் இறங்கி, வெள்ளை வரி எடுப்பாகத் தெரியும். ஐந்நூறு கோடி வருஷத்துக்குச் சற்றுக் குறைந்த வயதுள்ள உலோகத்துக்குக் கடைசி மெருகு ஒரு பொட்டலம் காபித் தூள்.

இதில் என் மனசை அரிக்கிற விஷயம் ஒன்று உண்டு. அடுக்கு எஃகுக்கு உலகம் முழுக்க இன்று வெள்ளை வரி தருவது '15என்20' என்ற எஃகு. நூற்றுக்கு இரண்டு பங்கு நிக்கல். மரம் அறுக்கும் பேண்ட்சா ரம்பத்துக்குச் செய்யும் தகடு. விலை அற்பம். ஒட்டும்போது தொல்லையில்லை, உதிராது, கார்பனும் உண்டு. ஒரு கத்தியில் விண்கல் அடுக்கும் இன்னொன்றில் ரம்பத் தகடும் வைத்து, இரண்டையும் அமிலத்தில் நனைத்து எதிரே நீட்டினால், எது வானத்திலிருந்து வந்தது என்று பழகிய கண்ணே தடுமாறும். விண்கல்லின் தனி அடையாளமான அந்தக் கோலம்தான் உலையிலேயே போய்விட்டதே. மிச்சம் இருப்பது நிக்கல். அது இரண்டிலும் உண்டு.

ஜஹாங்கீருக்கு இந்தச் சந்தேகம் வர வழியில்லை. முத்திரை வைத்த பையில் வந்தது, அவர் எதிரிலேயே நிறுத்தார்கள். இன்று வாங்குகிறவர் கொல்லரின் சொல்லையும் ஒரு சான்றிதழையும் நம்புகிறார். சிலர் செய்முறையைப் படம் பிடித்துக் கத்தியோடு தருகிறார்கள். கையடக்க எக்ஸ்ரே கருவியை வைத்துப் பார்த்தால் நிக்கல் அளவும் கோபால்ட்டும் தெரியும். ஆனால் அடுக்கில் ரம்பத் தகடும் கலந்திருந்தால், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். 2009-இல் சர் பட்டம் பெற்ற ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட், தன் வீட்டுப் பக்கத்து வயலில் தாது பொறுக்கி, அதோடு விண்கல் துண்டுகளையும் போட்டு உருக்கித் தனக்கொரு வாள் செய்துகொண்டார். அவருக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை, தன் கையாலேயே போட்டதால்.

சோதனையும் இடம் மாறிவிட்டது. அமெரிக்கச் சங்கத்தில் தேர்ந்த கொல்லர் பட்டத்துக்கு வைக்கும் தேர்வு கடுமையானது. 300 அடுக்குக்குக் குறையாத கத்தி. தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். இரண்டுக்கு நான்கு அங்குல மரக்கட்டையை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பிறகும் அதே வாயில் கை ரோமம் மழிக்க வேண்டும். கடைசியில் இடுக்கியில் கவ்வி 90 டிகிரி வளைக்க வேண்டும். பாதுஷா பார்த்த வெட்டும் வளைப்பும்தான் இதுவும். ஆனால் அந்தத் தேர்வுக் கத்தியில் யாரும் விண்கல் வைத்து ரிஸ்க் எடுக்கமாட்டார்கள். விண்கல் கத்தியை விற்பனைக்கு முன் யாரும் வளைத்துப் பார்ப்பதுமில்லை. வளைத்துப் பார்க்கிற விலையில் அது இல்லை. அன்று சாதாரண இரும்பைத் துணைக்குச் சேர்த்து, வேலையை விண்கல்லிடம் கொடுத்தார்கள். இன்று வேலை எல்லாம் எஃகுக்கு, பெயர் விண்கல்லுக்கு.

கல் கிடைப்பதும் முன்போல் இல்லை. கிபியான் கற்களை நமீபியா பாதுகாக்கப்பட்ட பொருளாக்கிவிட்டது. நாட்டைவிட்டு எடுத்துப்போகத் தடை. அர்ஜெண்டினா 2007-இல் சட்டம் போட்டு விண்கல்லைப் பண்பாட்டுச் சொத்தாக்கியது. இந்தியாவில் விழுபவை நிலவியல் ஆய்வுத் துறையின் காப்பில் சேர வேண்டியவை. ஆகவே சந்தையில் சுற்றுவது பெரும்பாலும் தடைக்கு முன் வெளியே போன பழைய சரக்கு, அல்லது அப்படி என்று சொல்லப்படும் சரக்கு. உலையில் போனால் திரும்பாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு துண்டை நூறு பேர் படிக்கலாம். பட்டறையில் ஒரே ஒருவர் கத்தியாக்குவார். விஞ்ஞானிகள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

கத்திக் கொல்லர்களிலேயே சிலர் இதை உணர்ந்து வேறு வழிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விண்கல்லை நெருப்பில் வைப்பதே இல்லை. அலகுக்கு நல்ல அடுக்கு எஃகு. விண்கல்லை மெல்லிய வில்லையாக நறுக்கி, மெருகேற்றி, நைட்ரிக் அமிலத்தில் நனைத்து, கோலம் முழுசாக எழுந்தபின் பிடியின் இரு பக்கமும் பதித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் நேர்மையான வேலை. விண்கல் வெட்டுகிறது என்ற பாவனை இல்லை, சிறுகோளுக்குள் ஆறிய தடம் கண்ணுக்கெதிரே இருக்கிறது, ரம்பத் தகட்டோடு குழம்பவும் வழியில்லை.

ஆனால் பிடியில் பதித்தால் வேறு தலைவலி. கை வேர்வையில் உப்பு. விண்கல்லின் மயிரிழை வெடிப்புகளில் ஏற்கெனவே பூமியில் கிடந்த காலத்தில் ஏறிய குளோரைடும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் துரு உள்ளிருந்து கிளம்பி, மெருகேற்றிய முகத்தில் பழுப்புச் சொட்டாக வடியும். துடைத்தால் மறுநாள் மறுபடி வரும். அதனால் கத்தியோடு ஒரு சீட்டும் வருகிறது: எடுத்தபின் துடைத்து எண்ணெய் தடவவும்; ஈரத்தில் வைக்க வேண்டாம்; தோல் உறைக்குள் போட்டுப் பத்திரப்படுத்த வேண்டாம், தோல் பதனிட்ட அமிலம் அரித்துவிடும்; எலுமிச்சை, தக்காளி நறுக்க வேண்டாம்.